கேட்காத கூட்டத்துக்கு வாசிப்பது

அன்புள்ள தம்பிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாதியைத்தான் கேட்பாய், நானும் உன் அப்பாவின் டிவி சத்தத்துக்கு நடுவில் மீதியை மறந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

யார் வேண்டுமானாலும் மேடையேறி வாசிக்கிற அந்த ஜாம் இரவில் நீ கிட்டார் வாசித்தபோது ஒருத்தரும் கேட்கவில்லை என்றாய். முன்மேஜையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், பாரில் நின்றவர்கள் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இனிமேல் வீட்டிலேயே வாசித்து ரெக்கார்டு பண்ணிப் போட்டுவிடுகிறேன், மேடையே வேண்டாம் என்றாய். கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. நீ இருக்கிற சிகாகோவில், நீ வாசிக்கிற ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் இசை வளர்ந்ததே கேட்காத கூட்டத்துக்கு முன்னால்தான். அதன் சொந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு நீ அமைதியான சபையைத் தேடுகிறாய்.

எனக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் மெல்லிசைக் குழுவில் பாடியவள். கோயில் திருவிழா என்றால் பரவாயில்லை, ஜனங்கள் பாட்டுக்காகவே பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், துண்டுச்சீட்டில் பாட்டு எழுதி அனுப்புவார்கள். கல்யாண ரிசப்ஷன்தான் சோதனை. எதிரே மொய்க் கவரோடு வரிசை நிற்கும், போட்டோகிராபர் நம்மை மறைத்துக்கொண்டு நிற்பார், பந்தி போட்டாச்சு என்று ஒரு குரல் கேட்டால் போதும், பல்லவி முடிவதற்குள் முன்வரிசை காலி. எங்கள் குழுத் தலைவர் பாட்டு லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்ப்பார். யார் காலாட்டுகிறார்கள், எந்த மூலையில் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து, அடுத்த பாட்டை அங்கேயே மாற்றிவிடுவார். நாங்கள் யாரும் அதை அவமானமாக நினைத்ததில்லை. அதுதான் வேலை.

சரி, என் கதை போதும். ஜனவரியில் உன்னோடு லெஜண்ட்ஸ் கிளப்பில் பட்டி கை (Buddy Guy) என்ற ப்ளூஸ் கிட்டார்காரரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பழைய ரெக்கார்டுகளை எல்லாம் கேட்டேன். கஷ்டம் அப்பாவுக்குத்தான், காலையில் சுப்ரபாதம் ஓடுகிற வீட்டில் இப்போது ஹார்மோனிகா ஓடுகிறது.

முதலில் ஒரு விஷயம். அவருக்கு மூத்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் (Muddy Waters) 1943-ல் மிசிசிப்பி பருத்திக் காட்டை விட்டு சிகாகோவுக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது சாதா கிட்டார். அடுத்த வருஷமே எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். புதுமை செய்யவேண்டும் என்ற ஆசையால் இல்லை, தெற்குச் சிகாகோ மதுக்கடைகளில் சாதா கிட்டார் யார் காதிலும் விழவில்லை. இறைச்சிக் கூடத்திலும் இரும்பாலையிலும் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற ஆட்கள் குடிக்கவும் பேசவும் ஆடவும் வருகிறார்கள், அந்த இரைச்சலைத் தாண்டித்தான் பாட்டு போகவேண்டும். இன்றைக்கு உலகமே கொண்டாடுகிற அந்தச் சிகாகோ சத்தம் பிறந்தது பேச்சை நிறுத்தாத ஒரு கூட்டத்தால்தான். உன் கேக் வெட்டுகிற மேஜைக்கு இவ்வளவு பெரிய பரம்பரை இருக்கிறது.

பட்டி கை அந்த ஊருக்கு வந்து இறங்கியது 1957 செப்டம்பர் 25. வயது 21. லூசியானாவில் லெட்ஸ்வொர்த் என்ற கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பம். சின்ன வயதில் ஜன்னல் கொசுவலையிலிருந்து கம்பியை உருவிக் கட்டி வாசித்துப் பழகியவர். அப்புறம் பேட்டன் ரூஜ் நகரத்தில் பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை, ராத்திரியில் உள்ளூர்க் குழுவில் கிட்டார். அந்தக் குழுவில் நடந்ததை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கூச்சம் தாங்காமல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தாராம். வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஜனவரியில் நாம் பார்த்த அதே மனுஷன்தான், எண்பது தாண்டிய வயதில் மேஜைகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டாரே, அவர்.

சிகாகோவில் முதல் சில மாதங்கள் வேலை கிடைக்கவில்லை. பட்டினி. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்கிற நிலைமையில், 47-வது தெருவில் இருந்த 708 கிளப்பில் ஓடிஸ் ரஷ் வாசித்துக்கொண்டிருந்த மேடையில் ஏறி வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. அங்கே வந்த மடி வாட்டர்ஸ் பையன் சாப்பிடவில்லை என்று தெரிந்து காரிலிருந்து ரொட்டியும் இறைச்சியும் எடுத்துக் கொடுத்துச் சாப்பிட வைத்தார். பட்டி இதைச் சொல்லாத பேட்டியே இல்லை. ஊரில் எத்தனையோ போட்டி இருந்தும் மூத்தவர் இளையவருக்குச் சோறு போட்டார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதைத் தனியாகக் கேட்கிறேன்.

இப்போது ஒரு நீளமான கிட்டார் ஒயர் கதைக்கு வருகிறேன். கிட்டார் ஸ்லிம் என்று ஒருவர், நியூ ஆர்லியன்ஸில் பெயர் வாங்கிய கிட்டார்காரர். பேட்டன் ரூஜுக்கு அவர் வந்தபோது பட்டி பார்க்கப் போயிருக்கிறார். மேடையில் குழு வாசிக்கிறது, கிட்டார் சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம். பார்த்தால் நூற்றுக்கணக்கான அடி ஒயரோடு வாசலிலிருந்து வாசித்துக்கொண்டே உள்ளே வருகிறார், அதுவும் இன்னொருவர் அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பட்டி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்: வாசிப்பது ப்ளூஸ் ஜாம்பவான் பி.பி. கிங் மாதிரி, மேடையில் நடந்துகொள்வது கிட்டார் ஸ்லிம் மாதிரி. சிகாகோவில் கிட்டார் போட்டிகள் நடக்கும், ஓடிஸ் ரஷ், மேஜிக் சாம் எல்லாம் எதிரே. பனிக்காலத்தில் 150 அடி ஒயரை மாட்டிக்கொண்டு தெருவில் நின்று வாசித்தபடி பட்டி உள்ளே நுழைந்தார். கூட்டம் கதவைப் பார்த்துத் திரும்பியது. பரிசு ஒரு பாட்டில் விஸ்கி. ஜெயித்தவருக்கு அது வந்து சேருவதற்குள் தோற்றவர்கள் குடித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இதை வித்தை காட்டுவது என்று நீ ஒதுக்கிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. ஓடிஸ் ரஷ் குரலுக்கும் கிட்டாருக்கும் முன்னால் ஒரு புதுப்பையன் நிற்கவேண்டும் என்றால் முதலில் கூட்டத்தின் தலை திரும்பவேண்டும். திரும்பிய தலையை அப்படியே பிடித்து வைக்க வாசிப்பு வேண்டும். ஒயர் முதல் காரியத்துக்கு மட்டும்தான்.

இரண்டாவது காரியத்தைத்தான் ஜனவரியில் கண்ணால் பார்த்தோம். உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் வந்து கால்மணி நேரம் வரை தட்டு சத்தமும் ஆர்டர் எடுக்கிற சத்தமும் ஓயவே இல்லை. நான் எதிர்பார்த்தது இன்னும் உரக்க வாசிப்பார் என்று. அவர் குறைத்துக்கொண்டே போனார். டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துத் தொடுகிறாரா இல்லையா என்கிற அளவுக்கு வந்துவிட்டார். பட்டி மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்று வெறுங்குரலில் பாடினார். டம்ளரில் ஐஸ் உருளுவது கேட்டது. பாரில் ஒரு ஆள் ஏதோ சொல்லிச் சிரித்தான், அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள், அவன் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் ஒரே ஒரு தந்தியை, நம் வீணையில் இழுப்பார்களே, அந்த மாதிரி பக்கவாட்டில் இழுத்து, போய்ச் சேரவேண்டிய ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தி வைத்தார். போய்ச் சேரவே விடவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. அதற்குப் பிறகுதான் மொத்த சத்தத்தையும் திறந்துவிட்டார்.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். டிரம்ஸ் குச்சியால் வாசிப்பது, துண்டால் தட்டுவது, கிட்டாரை வயிற்றில் தேய்ப்பது எல்லாம் ஒருமுறை பார்க்க வேடிக்கை, அவ்வளவுதான். ஒரு பாட்டைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு வேறொருவர் பாட்டுக்குத் தாவுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. அந்தக் கோப்பையிலிருந்து குடித்துக்கொண்டே இருந்தாரே, அது தண்ணீர் இல்லை என்று எனக்கும் தெரியும். அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் குறைக்கிற வித்தை இருக்கிறதே, அது ஆயிரம் ராத்திரி கேட்காத கூட்டத்துக்கு முன்னால் நின்றவருக்கு மட்டும்தான் வரும். வீட்டில் ஹெட்போன் மாட்டி வாசிக்கிறவனுக்கு எதைக் குறைக்கவேண்டும் என்றே தெரியாது, குறுக்கே பேச அங்கே யாருமில்லையே.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். விரல் நன்றாக ஓடுகிறது. ஆனால் இடம் விடவே இல்லை. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம் கொண்ட ப்ளூஸில் ஒரு வரி, அதே வரி மறுபடி, அப்புறம் பதில் வரி என்று மூன்று வரிதானே? ஒவ்வொரு வரியிலும் பாட்டு பாதி இடத்தில் முடிந்துவிடுகிறது, மீதி இடம் கிட்டார் பதில் சொல்வதற்கு, கூட்டம் ஒரு சத்தம் போடுவதற்கு. ஒரே வரியை இரண்டு தடவை பாடுவது ஏன் என்று நினைக்கிறாய்? முதல் தடவை காதில் விழாதவனுக்கு இரண்டாவது தடவை விழும், மூன்றாவது வரிக்கு அவனும் காத்திருப்பான். நீ அந்தப் பதில் இடத்தையும் ரொப்பி, பாடுகிற பெண்ணின் வரி மேலேயும் ஏறி வாசிக்கிறாய். கூட்டத்துக்கு நுழைய வாசலே இல்லை, அவர்கள் கேக்கைத்தான் வெட்டுவார்கள்.

ரெக்கார்டு போடுகிறேன் என்றாயே, அதையும் சொல்கிறேன். பட்டி 1959 முதல் 1968 வரை செஸ் என்ற ரெக்கார்டு கம்பெனியில் இருந்தார். மற்றவர்கள் பாட்டுக்கு வாசிக்க அவரைக் கூப்பிட்டார்கள். ஹவுலின் வுல்ஃப், கோகோ டெய்லர் ரெக்கார்டுகளில் அவர் கிட்டார் இருக்கிறது. 1964-ல் வந்த மடி வாட்டர்ஸின் சாதா கிட்டார் ஆல்பத்திலும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார், இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும், கேட்டுப் பார். ஆனால் கிளப்பில் அவர் செய்ததை ரெக்கார்டில் செய்ய விடவில்லை, அது வெறும் இரைச்சல் என்று கம்பெனி முதலாளி லெனார்ட் செஸ் நினைத்தார். 1960-களின் கடைசியில் அதே இரைச்சலை வைத்து இங்கிலாந்துப் பையன்களும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் விற்றுத் தள்ளியதும், செஸ் இவரைக் கூப்பிட்டு, குனிந்து நின்று, என்னை உதை என்றாராம். பட்டி பல இடத்தில் சொன்ன கதை. உதைத்தாரா என்று கேட்காதே.

அந்தக் காலத்துக் கிளப் எப்படி இருந்தது என்று கேட்கவேண்டும் என்றால் 1965 செப்டம்பரில் ஹார்மோனிகாக்காரர் ஜூனியர் வெல்ஸ் பட்டியோடு சேர்ந்து டெல்மார்க் கம்பெனிக்குப் பதிவு செய்த 'ஹூடூ மேன் ப்ளூஸ்' ஆல்பத்தைக் கேள். தெரேசாஸ் என்று ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த மதுக்கடையில் இவர்கள் ராத்திரி வாசித்த சங்கீதத்தை, நேரக் கட்டுப்பாடு எதுவும் போடாமல், அப்படியே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் பட்டியின் ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போக, ஆர்கன் வாத்தியத்தின் சுழலுகிற ஸ்பீக்கரில் கிட்டாரை மாட்டிவிட்டார்கள். சில பாட்டுகளில் கிட்டார் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி கேட்கும், காரணம் அதுதான். முதல் பதிப்பு அட்டையில் பட்டியின் பெயரே இல்லை, செஸ் ஒப்பந்தத்துக்குப் பயந்து 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று போட்டிருந்தார்கள். நல்ல வாசிப்புக்குக் கிடைத்த பெயரைப் பார்!

அதே 1965-ல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். லண்டனில் மூன்று பேர் குழுவோடு அவர் வாசித்ததைப் பார்த்துத்தான் தனக்கும் அப்படியொரு குழு வேண்டும் என்று தோன்றியதாக இங்கிலாந்துக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் சொல்லியிருக்கிறார். கைதட்டல் எல்லாம் வாங்கிக்கொண்டு சிகாகோ திரும்பிய பட்டி என்ன செய்தார் தெரியுமா? டோ டிரக் ஓட்டினார். பழுதான வண்டியைக் கட்டி இழுக்கிற வேலை. 1967 வரை பகலில் அது, ராத்திரியில் கிளப். குழந்தைகள் இருந்தார்கள், வாடகை இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் பகல் முழுவதும் உட்கார்ந்துவிட்டு எப்படி ப்ளூஸ் வாசிப்பது என்று நீ அலுத்துக்கொண்டாயே, அதற்காகத்தான் சொன்னேன். வேலையை விடவும் சொல்லவில்லை, வாசிப்பை விடவும் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவர் வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்கிறேன். 1972-ல் 43-வது தெருவில் செக்கர்போர்டு லவுஞ்ச் என்று சொந்தமாக ஒரு கிளப் போட்டார். 1981 நவம்பர் 22 அன்று மடி வாட்டர்ஸ் அங்கே பாடிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்து ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ்காரர்கள் வந்து மேடையேறினார்கள், பட்டியும் ஜூனியர் வெல்ஸும் கூடவே. அந்த வீடியோ கிடைக்கிறது, பார். அவ்வளவு பெரிய ஆட்கள் வந்தும் இடம் என்னவோ நம் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் அளவுதான். 1989-ல் லெஜண்ட்ஸ் திறந்தார். 1980-களில் பெரிய அமெரிக்கக் கம்பெனி எதுவும் அவரை ரெக்கார்டு போடக் கூப்பிடவில்லை. 1991-ல் வந்த ஆல்பம் கிராமி வாங்கியபோதுதான் ஊர் உலகம் கண்டுகொண்டது, அப்போது வயது 55. 2011-ல் பம்பாயில் மஹிந்திரா ப்ளூஸ் விழா முதன்முதலாக நடந்தபோது நம் நாட்டுக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனார். நமக்கு அப்போது தெரியாமல் போய்விட்டது.

இதைச் சொல்லி, பொறுத்திரு, உனக்கும் ஒருநாள் வரும் என்று நான் சொல்வேன் என்று நினைக்கிறாயா? மாட்டேன். அது பொய். மேஜிக் சாம், பட்டியோடு போட்டி போட்டு வாசித்தவர், 1969-ல் மாரடைப்பில் போனபோது 32 வயது. ஒயரோடு வந்த கிட்டார் ஸ்லிம் 1959-ல் போனார், அவருக்கும் 32. ஓடிஸ் ரஷ் 1971-ல் பதிவு செய்த ஆல்பம் ஐந்து வருஷம் அலமாரியில் கிடந்துதான் வெளியே வந்தது. இவர்கள் வாசிப்பில் குறைந்தவர்களா? பட்டியே அப்படிச் சொல்ல மாட்டார். பெயரும் பணமும் யாருக்கு எப்போது வரும் என்பதில் கணக்கு இல்லை. ஆனால் அந்த நாலு பேருமே ஒரு அறையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர்கள். அதை மேடையில் நின்றுதான் கற்றார்கள், உனக்கும் அதற்கு வேறு வழி கிடையாது.

இன்னொன்று, இது அம்மாவாக எழுதுகிறேன். அவருடைய கிட்டாரில் வெள்ளைப் புள்ளி போட்டிருந்ததே, அழகுக்கு என்று நினைத்தேன். சிகாகோ கிளம்பும்போது அவருடைய அம்மா பக்கவாதம் வந்து படுத்திருந்தார். பெரிய சம்பாத்தியம் பண்ணி, புள்ளி போட்ட கேடிலாக் காரில் வந்து இறங்குவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாராம், பொய் என்று தெரிந்தே. அந்த அம்மா 1968-ல் போய்ச் சேர்ந்தார், மகன் இவ்வளவு பெரிய ஆளானதைப் பார்க்காமலேயே. அந்தப் பொய்யை மறக்காமல் இருக்கத்தான் புள்ளி போட்ட கிட்டார். லெட்ஸ்வொர்த்தில் படுத்திருந்த அந்த அம்மா காரை நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பையன் சாப்பிட்டானா என்றுதான் நினைத்திருப்பார். நீயும் ஒவ்வொரு போனிலும் எல்லாம் சூப்பராகப் போகிறது என்று சொல்லவேண்டியதில்லை. போன வாரம் மனம் விட்டுச் சொன்னாயே, அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அடுத்த ஜாம் இரவுக்குப் போ. நீ வாசிப்பதற்கு ஒருமணி நேரம் முன்னாலேயே போய், மேடையைப் பார்க்காமல் மேஜைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார். பிறந்தநாள் மேஜை இருந்தால் யாருக்கு என்று விசாரி. டிரம்ஸ்காரரிடம், நான் கையைத் தாழ்த்தினால் சத்தத்தை முழுசாக இறக்குங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவை, அவர் ஒத்துழைக்காமல் உன்னால் மட்டும் குறைக்க முடியாது. காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள், ஜனவரியில் வந்த அன்று ராத்திரி முழுக்க என் காதில் ரீங்காரம் நிற்கவில்லை.

வழக்கமாக உன் நண்பன் போனை மேடைக்கு நேராகப் பிடித்து வீடியோ எடுக்கிறான். இந்தத் தடவை திருப்பிப் பிடிக்கச் சொல். நீ வாசிப்பதைக் காதால் கேட்டுக்கொள்கிறேன், எனக்குப் பார்க்கவேண்டியது எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் முகம். யார் எந்த இடத்தில் திரும்பினார்கள், எந்த இடத்தில் திரும்பவும் பேச்சுக்குப் போனார்கள் என்று பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.

அப்பாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஊறுகாய் பார்சல் போட்டாயிற்று.

அன்புடன்,
அம்மா